அப்பா கடித்துக் கேட்ட செய்தி

எங்கள் அப்பாவுக்குக் காது போனது போரினால் அல்ல, தொழிலினால். அச்சுவேலிப் பக்கம் கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைக்கிறவர். திரியைக் கொளுத்தினால் ஓட வேண்டும் என்பது மற்றவர்களுக்கு உரிய சட்டம் என்று நினைத்திருந்தார். ஒருநாள் ஆறுதலாக நடந்து வந்தார், இரண்டு செவிப்பறையும் கிழிந்தன. அதன் பிறகு அவர் கதைத்தால் அயலுக்கே கேட்கும்.

மின்சாரம் இல்லாத காலம். வெயிலில் காயவைத்த பற்றரியில் வானொலி முனகும். பின்னேரச் செய்தியைக் கிட்ட இருந்து கேட்டு, கொப்பியில் எழுதி அப்பாவுக்குக் காட்டுவது என் உத்தியோகம். அண்ணை கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை. அங்கே ஏதாவது வெடித்ததாகச் செய்தி வந்தால், அமைச்சர் ஒருவர் பாலம் திறந்தார் என்று எழுதிவிடுவேன். இரண்டு வருடத்தில் நான் திறந்த பாலங்களுக்கு இந்த நாட்டு ஆறுகள் போதாது.

உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற திமிர் வேறு. ஒலியலை காற்றில் சோம்பேறி, மரத்தில் விரைவாக ஓடும், செவிப்பறை பழுதானாலும் எலும்பு வழியே உட்காதுக்குப் போய்ச் சேரும் என்று ரியூட்டரியில் சொல்லித் தந்தார்கள். வீட்டில் வித்தை காட்டாமல் விடுவேனா? அகப்பைக் காம்பின் ஒரு நுனியை வானொலிப் பெட்டியில் அழுத்தி, மற்ற நுனியைக் கடிக்கும்படி அப்பாவுக்குச் சைகை காட்டினேன். கடித்தார். முழித்தார். பிறகு காம்பை விடாமலே சிரித்தார். பாட்டுக் கேட்டிருக்கிறது. என் உத்தியோகம் போகப்போகிறது என்பது அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை.

பாட்டு முடிந்து செய்தி தொடங்கியது. கொழும்பில் குண்டு வெடித்ததாம். அண்ணையின் அச்சகம் இருக்கிற தெருவின் பெயரையே சொன்னார்கள். அப்பா அசையவில்லை, கடித்தபடியே கடைசிச் சொல்வரை கேட்டார்.

குசினியில் இருந்து வந்த அம்மா, என்னவாம் என்று கையைச் சுழற்றினார். அப்பா காம்பை எடுத்து, கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"ஒண்டுமில்லையப்பா. வெங்காயம் விலையேறப் போகுதாம்."

அம்மா அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு உள்ளே போனார். அப்பா என் பக்கம் திரும்பினார். காது போன பிறகு அவர் மெல்லக் கதைத்ததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"பிள்ளை, எனக்கும் நீ உப்பிடித்தானே எழுதிக் காட்டினனீ?"

ஓம் என்று தலையாட்டினேன். அண்ணையின் கடிதம் வர மூன்று கிழமை சென்றது.