லாந்தரும் வாய்ப்பூட்டும்

என் தாய்மாமா கல்லூரிக்குப் போய் ஒரு வியாதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். யார் எதைச் சொன்னாலும் "எப்டி தெரியும்?" என்று கேட்பதுதான் அந்த வியாதி. பால் திரிந்து போனதற்கு எதிர்வீட்டுக்காரியின் கண்தான் காரணம் என்று அம்மா சொன்னால், "எப்டி தெரியும்க்கா? அவ பாக்காத நாள்ல பால் திரிஞ்சதே இல்லியா?" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள். எனக்கோ கொண்டாட்டமாக இருக்கும். பெரியவர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்க்க எனக்கு அப்போது வேறு வழி இல்லை.

மாமா திருப்பதியில் ரசாயனம் படித்தார். சனிக்கிழமைகளில் பாசஞ்சர் ரயிலில் திருத்தணிக்கு வந்து இறங்கும்போது அவர் சட்டையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சோதனைக்கூடத்தில் ஏதோ வாயு தயாரிப்பார்களாம், துவைத்தாலும் போகாது. நான் வாசலிலேயே என் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். அவரும் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதேபோல ஆட்டுவார். பிறகு இருவரும் சிரிப்போம். எங்கள் இருவருக்கும் மட்டுமான விளையாட்டு அது.

அந்தக் கல்லூரியில் ஒரு வாத்தியார் பெயர் ஒட்டாத குப்பியைக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்பாராம். பதில் சரியாகவே இருந்தாலும், எதை வைத்துச் சொன்னாய் என்பதற்கு விளக்கம் இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாதாம். அவரை அம்மா நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

படிப்பு முடிந்து மாமா வெகுநாள் வேலையில்லாமல் சுற்றினார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஆர்.கே.பேட்டை சாலையில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். அம்மையார்குப்பத்துத் தறிகளுக்கான நூல் அங்கே சாயத்துக்கு வரும். முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு மாமாவையும் அங்கேயே சாயம் கலக்கும் மேற்பார்வைக்குச் சேர்த்துவிட்டார்.

பட்டறைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் விழும் ஆழமான தொட்டி ஒன்று உண்டு. தறிகளெல்லாம் நிற்கிற ஆடிக் கிருத்திகையன்று அதன் அடியில் தங்கிய சேற்றை வாருவார்கள். இறங்குமுன் கயிற்றில் லாந்தரைக் கட்டி உள்ளே விடுவது வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். எங்கள் பக்கத்தில் கிணறு தூர்வாருகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவருவது இது. நைனா இளவயதில் கிணறு வெட்டப் போனவர். மலைமேல் இருக்கிற முருகனுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அந்த லாந்தரைத்தான்.

அந்த வருஷம் புதிதாக ஒரு கருப்புச் சாயம் வந்தது. அதன் கழிவும் அமிலம் கலந்த தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுவதைப் பார்த்த மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போது நைனாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"கிணத்துக்கு லாந்தரு சரி பாவா. காத்து கீதா இல்லியான்னு சொல்லிடும். இங்க காத்தும் இருக்கும், கூடவே காலேஜில என் சட்டையில ஏறுமே முட்ட நாத்தம், அந்த விஷ வாயுவும் இருக்கும். வெளக்கு பாட்டுக்கு எரிஞ்சிகினு இருக்கும், ஆளு உழுந்துடுவான்."

"நாத்தம் வந்தா தெரியாதா?" என்றார் நைனா.

"மொதல்ல வரும், அப்புறம் வராது. காத்து போயிடுச்சின்னு நெனப்பீங்க. மூக்குதான் செத்துப் போயிருக்கும்."

நைனா மோர் ஊற்றிக்கொண்டார். மாமா விடவில்லை. மறுநாள் பட்டறையில் எல்லாரும் இருக்கும்போதே முதலாளியிடமும் இதைச் சொன்னார். அங்கே நடந்ததை நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "லாந்தரு வுட்டு எறங்கி எவன் செத்தான்? ஒருத்தன் பேரச் சொல்லு பாப்போம்" என்றாராம் முதலாளி. "வெளக்கு எரிஞ்சா ஆபத்தில்லன்னு எப்டி தெரியும்? செத்தாத்தான் கேப்பீங்களா?" என்றாராம் மாமா. கல்லூரியில் மதிப்பெண் வாங்கித் தந்த கேள்வி, பட்டறையில் வேலைக்கே உலை வைத்துவிட்டது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

மாமாவுக்காக நைனா முதலாளி முன்னால் கைகட்டி நின்றார். இனி வாய் திறக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்தபிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அம்மா தன் பங்குக்கு முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தம்பிக்கு வேலை நிலைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு வாய்ப்பூட்டு போட்டுக் காவடி எடுப்பான் என்று. ஒரு கன்னத்தில் ஏறி மறு கன்னத்தில் வெளிவரும் வெள்ளி வேல்தான் வாய்ப்பூட்டு. மலையேறிச் சந்நிதிக்குப் போய்த்தான் அதை எடுப்பார்கள். அதுவரை பேச முடியாது.

மாமா மறுக்கவில்லை. நைனா கைகட்டி நின்றது அவரை என்னவோ செய்துவிட்டது. "தொட்டிய இந்த வருஷம் வாராம வுடச் சொல்லி நான் மொதலாளிகிட்ட பேசறேன், நீ சும்மா இரு மச்சான்" என்று நைனா சொன்னதையும் அவர் நம்பினார். நைனா பேசினாரா, பேசியும் முதலாளி கேட்கவில்லையா, தெரியாது. அதன்பிறகு மாமா வீட்டிலும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பால் திரிந்தால் திரிந்ததுதான். வீடு வெறிச்சோடிப் போனது.

கிருத்திகையன்று காலையிலேயே, பட்டறையில் கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு மலைக்கு வந்துவிடுகிறேன் என்று நைனா கிளம்பிவிட்டார். மாமா அப்போது குளத்தில் தலைமுழுகிக்கொண்டிருந்தார். பம்பை முழங்க, வேல் குத்தி, தோளில் புஷ்பக் காவடியோடு அவரை அழைத்துக்கொண்டு போனோம். கற்பூரத் தட்டு என் கையில் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டறைக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, சாலையிலிருந்தே தொட்டி தெரியும். அங்கே நைனா, இடுப்பில் துண்டோடு, கயிற்றை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். லாந்தர் நன்றாக எரிந்தபடி வெளியே வந்தது.

மாமா நின்றுவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காவடியைக் கீழே போடப் போனார். கூட வந்தவர்கள் பாய்ந்து காவடியையும் அவரையும் பிடித்துக்கொண்டார்கள். "அருள் வந்துடுச்சி, அருள் வந்துடுச்சி" என்று யாரோ கத்த, பம்பைக்காரர் அடியை வேகப்படுத்தினார். மாமா ஒரு கையை உருவி லாந்தரைக் காட்டினார், தொட்டியைக் காட்டினார், உடம்பெல்லாம் பதறியது. அம்மா நடுச்சாலையில் விழுந்து கும்பிட்டாள்.

"இன்னா கொற சாமி? சொல்லு சாமி, எதுவா இருந்தாலும் தீத்து வெக்கிறோம்" என்று அழுதாள். வாயில் வேலோடு நிற்பவரைப் பார்த்து எல்லாரும் சொல்லு சொல்லு என்றார்கள்.

சத்தம் கேட்டு நைனா திரும்பினார். சாமி தன்னைப் பார்த்துக் கைநீட்டி ஆடுவதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு ஏணியில் கால் வைத்து உள்ளே இறங்கினார்.

மாமா வேலைப் பிடுங்கி எறிந்தார். கன்னம் கிழிந்து, வாயெல்லாம் ரத்தமாக அவர் கத்தியது பம்பைச் சத்தத்தில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது நைனாவிடமிருந்து குரல் வரவில்லை. அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் மேலே வரவில்லை. இருவரையும் கொக்கி போட்டு இழுத்து வெளியே கிடத்தினார்கள். பக்கத்தில் லாந்தர் எரிந்துகொண்டுதான் இருந்தது. சாமியைச் சரியாகக் கவனிக்காத குறை என்று ஊர் பேசிக்கொண்டது. எப்படித் தெரியும் என்று கேட்க ஆளில்லை.

மாமா வேலைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. பெரியவர்கள் ஒருவருக்கும் புரியாது என்று தெரிந்ததும் மாமா கூட்டத்தில் என்னைத் தேடினார். என் கண்களையே பார்த்து, விரல்களால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். அது என்னவென்று தெரிந்தவள் அந்தச் சாலையிலேயே நான் ஒருத்திதான். சாமியே இறங்கிவந்து எங்கள் விளையாட்டை என்னோடு விளையாடுகிறது என்று எனக்குச் சிலிர்த்துப் போனது. தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தேன்.