குமிழி வராத பெட்டி

எங்கள் சமையலறை மூலையில் வெங்காயம் போட்டுவைக்கும் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மற்றப் பக்கமெல்லாம் பைன் பலகை. பலகை முழுக்கச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல வரிசை பிசகாமல். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்குன்னே செஞ்சியா? நல்ல ஐடியாவா கீதே" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பாம்புக்காகச் செய்தது என்று சொன்னால் பாதிக் காபியோடு எழுந்து போய்விடுவார்கள்.

அதைச் செய்தவள் என் அக்கா. ஒரகடத்தில் ஏசிக்குச் செப்புக் குழாய் வளைக்கும் கம்பெனி ஒன்றில் அப்போது அவளுக்கு லீக் டெஸ்ட் வேலை. குழாயின் இரு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வராவிட்டால் பச்சை டப்பா, வந்தால் சிவப்பு டப்பா. கடுகளவு குமிழியும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வாராம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவிப் பார்ப்பாள். என் டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் சாம்பார் ஊற்றுவாள். "பேசாம வூட்டையே தொட்டியில முக்கிடேன்" என்று கிண்டல் செய்வேன். செய்தாலும் செய்வாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிறைப்பு. பெண் பார்க்க வந்த அன்றே அப்பா அதை ஒளிக்காமல் சொன்னார். தலையாட்டிக் கட்டிக்கொண்டு போனவர்கள், ஒரு மழைக்காலம் முழுக்க அவள் இழுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும், "சீக்காளிய எங்க தலையில கட்டிட்டீங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் எங்கள் ஊர் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் துணிப்பையோடு இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான் அந்தப் புண்ணியவான். நான் அவளை ஸ்ரீபெரும்புதூரில் நான் இருந்த மாடி அறைக்குக் கூட்டிவந்தேன். பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். சோறு தட்டிலேயே காயும். "நான் செவப்பு டப்பாடி" என்று ஒருநாள் சுவரிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளைத் தனியே விட எனக்குப் பயம். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஏறுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தானாக எழுந்து உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். போவா என்று ஒரு வெளிநாட்டுப் பாம்பு. விஷம் கிடையாது, இரையை உடம்பால் சுற்றி இறுக்கும் ஜாதி. வாலில் மட்டும் செங்கல் நிறம். நாய், பூனை, கிளி எது வளர்த்தாலும் முடியோ இறகோ பறந்து அவளுக்கு இழுப்பு வந்துவிடும். "இதுக்கு முடி இல்ல, றெக்க இல்ல, சத்தம் இல்ல. நான் ஒண்ணு வளக்கட்டாடி?" என்றாள். எனக்குப் பாம்பு என்றாலே முதுகு சில்லிட்டுவிடும். ஆனால் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. யானை கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சென்னையில் முறையாக அனுமதி வாங்கி வளர்த்து விற்கிற ஒருவரிடம் போனோம். அவர் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அக்கா கம்பெனி லைனில் நிற்கிற மாதிரியே நின்றாள். கண் தெளிவாக இருக்கிறதா, மூக்குத் துவாரம் காய்ந்திருக்கிறதா, வாயோரம் எச்சில் இருக்கிறதா, கையில் எடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறதா. பார்க்கப் பளிச்சென்று இருந்த ஒன்றை, மூக்கில் ஏதோ ஈரம் என்று ஒதுக்கினாள். இன்னொன்று சோம்பல் என்று ஒதுக்கினாள். கடைசியாக ஒரு குட்டி அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி அவளைப் பார்த்தது. "இது ஓக்கே பீஸ்" என்றாள். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது, ஓக்கே. கிளம்பும்போது அவர், "காத்து போற மாதிரி பாத்துக்கோங்க, ஆனா சந்து கெடைச்சா வெளிய போயிடும்" என்றார். அக்கா காதில் இரண்டாவது பாதிதான் தங்கியது. தங்காமல் எப்படி இருக்கும்? கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் மீன் தொட்டி என்று சொல்லி வைத்திருந்தோம். பாம்பு வெளியே போனால் அன்றைக்கே நாங்களும் வெளியே.

ஒரகடத்தில் மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளை உடைத்து விற்கும் மரக்கடைகள் உண்டு. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் கட்டிலும் அலமாரியும் அந்தப் பலகைதான். அதை வாங்கிவந்து அவளே அறுத்து, இழைத்து, பெட்டி கட்டினாள். மூலைக்கு மூலை சிலிக்கான் பேஸ்ட். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு, படுத்து ஊற ஒரு தண்ணீர்ச் சட்டி, ஏற ஒரு கொய்யாக்கிளை. ஒயர் போகும் துளையைக்கூட விடவில்லை, அதையும் பூசினாள். பாம்பை விடுவதற்கு முன்னால் உள்ளே ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பெட்டிக்குள் புகை முட்டிக்கொண்டு நின்றது, வெளியே ஒரு இழைகூட வரவில்லை. "பாத்தியா, ஒரு பொட்டு வரல!" என்று கைதட்டிச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில மாதங்கள் நன்றாகவே போயின. ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவைத் திறந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு, லைனில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். அது எலி தின்கிற நாளில் அவளும் ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிடுவாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் உள்பக்கமாக முத்து முத்தாக நீர் கோத்தது. ஒரு காலை, பெட்டிக்கு முன்னால் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாம்பு தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து வைத்திருந்தது. உள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். எனக்கு அது என்னவென்று புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் நெஞ்சிலிருந்து வருகிற அதே சத்தம். பாம்பின் மூக்கில் ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது. அடுத்து இன்னொன்று.

"குமிழி வருதுடி" என்றாள். ஒரு கையில் தன்னுடைய இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதை அதற்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தாளோ என்னவோ.

ஊரில் இருந்த கால்நடை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "நான் மாடு, நாய் பாக்குறவன்மா. இதுக்கு இன்னா ஊசின்னு எனக்குத் தெரியாது. மெட்ராஸுக்கு எடுத்துகினு போ." தலையணை உறையில் அதைப் போட்டு, மடியில் வைத்து, மேலே துப்பட்டாவை மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள் அக்கா. தண்டலம் தாண்டியதும் வண்டிகள் மறித்துக்கொண்டு நின்றன. பஸ் நகரவே இல்லை. அவள் உறையோடு காதை வைத்துக் கேட்பாள், நிமிர்வாள், திரும்பக் குனிவாள். "கீதுடி, மூச்சு கீது" என்று எனக்குச் சொன்னாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இது போனால் இவளும் போய்விடுவாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஊரில் உள்ள சாமியெல்லாம் பத்தாமல் பாம்புப் புற்றையும் வேண்டிக்கொண்டேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பாம்பு பார்க்கிற டாக்டரம்மா ஊசி போட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார். "எதுல வெச்சு வளக்குறீங்க? போட்டோ இருக்கா?" அக்கா போனை நீட்டினாள். அந்த நிலையிலும் அவள் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தித் தேடினார்.

"காத்து எந்தப் பக்கமா போய் வருது?"

"எந்தப் பக்கமும் போவாது டாக்டர். நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

டாக்டரம்மா போனை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். பல்புச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல், அந்தக் கெட்ட காற்றையே அது திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது என்று தன்மையாகத்தான் சொன்னார். "தெரியாமதானேம்மா செஞ்சீங்க" என்றும் சொன்னார். அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. போன் திரையில் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓக்கே அந்த வாரத்தைத் தாண்டவில்லை. வாலாஜாபாத்தில் எங்கள் அப்பா வீட்டுப் பின்பக்கம் புதைத்தோம். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். மறுநாள் ஹார்டுவேர் கடையில் டிரில் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து, காலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஓட்டை போட ஆரம்பித்தாள். பென்சிலால் கோடு கிழித்து, இடைவெளி அளந்து, ஒவ்வொன்றாக. மரத்தூள் பறந்து இழுப்பு வந்தது. இன்ஹேலரை உறிஞ்சிவிட்டுத் திரும்பவும் போட்டாள். நான் தடுக்கவில்லை. பின்பலகை, பக்கப்பலகை, மேல்பலகை, எல்லாம் முடித்து, சிலாம்பு குத்தக்கூடாது என்று உப்புத்தாளால் ஒவ்வொரு விளிம்பையும் தேய்த்தாள். இனி யாரைக் குத்தும்?

இப்போது நான் கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருக்கிறேன். அக்கா லீக் டெஸ்டை விட்டுப் பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கம்பெனி ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அவளைத் தனியே விடுகிற தைரியம் எனக்கு வந்துவிட்டது, பாதி அளவுக்கு. போன ஞாயிறு குழம்புக்கு இரண்டு வெங்காயம் எடுத்துத் தரச் சொன்னேன். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு கையை விசிறிபோல ஆட்டிக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையை ஓட்டைகளுக்கு மறுபக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து போவுது இல்லடி?" என்று கேட்டாள். வரும்போதெல்லாம் கேட்கிறாள்.

"போவுதுக்கா" என்றேன். "நல்லாப் போவுது."