தலை சுழலாத டாங்கி

துண்டுகளை ஒட்டிச் செய்யும் மொடல் பெட்டி விற்கும் கடையில் வாங்க வருகிறவருக்கு எல்லாம் தெரியும், விற்கிறவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும். எண்பதுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோ பிளாஸா ஒன்றில் எனக்கு அந்த வேலை. அது நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம்.

காணாமல்போன தலை

ஒரு பெண்மணி 'ஹெற்சர்' என்ற ஜெர்மன் டாங்கிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். மேலே சுழலும் தலை இல்லையாம். பார்த்தேன், இல்லைத்தான். மன்னிப்புக் கேட்டு வேறு பெட்டியைப் பிரித்தேன். அதிலும் இல்லை. பதறிப்போய் அலுமாரியில் இருந்த அத்தனையையும் பிரித்துவிட்டேன்.

முதலாளி ஓடிவந்தார். அது டாங்கிகளை அழிக்கும் வண்டியாம். பழைய டாங்கியின் அடிப்பாகத்தில் கட்டியது. பீரங்கி உடம்போடேயே பொருத்தியிருக்கும்; பக்கத்தில் சுடுவதென்றால் முழு வண்டியும் திரும்பவேண்டும். பாடத்தை முடித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு பெட்டியைப் பிரித்தால் நீ வீட்டுக்குப் போகலாம்."

பிறந்தநாள் பரிசு

மோர்னிங்சைட் பக்கமிருந்து எங்கள் ஊர் ராசன் அண்ணை மகனுக்குப் பரிசு வாங்க வந்தார். கற்ற வித்தையை அவரிடம் காட்டினேன். "பத்தைக்குள்ளை பதுங்கி நிண்டு, வாற டாங்கியை அடிச்சுப்போட்டுப் பின்னாலை போயிடும், அண்ணை."

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. "உந்தப் பெட்டியை வீட்டை கொண்டுபோனால் மனுசி என்னையும் சேத்து வெளியிலை விடுவாள். ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தால் தாரும்."

கண்ணாடிக்குள் ஒன்று

அதே வண்டியை ஒட்டி, தெருப்பக்கக் கண்ணாடிக்குள் வைக்கச் சொன்னார் முதலாளி. ஊரில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆமியின் கவச வண்டி வந்து நின்றது நினைவுக்கு வந்தது. எனக்குப் பயம்தான். ஒட்டி முடித்து, பீரங்கிக் குழாய் சுவரைப் பார்க்க வைத்தேன்.

முதலாளிக்குக் கோபம். பின்பக்கத்தைப் பார்த்து யார் வாங்குவார்கள்? திருப்பி வைக்காவிட்டால் வேலை இல்லை என்றார்.

அந்த நேரம், பக்கத்து மில்லிக்கனில் தச்சுவேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர் பசை வாங்க வந்து நின்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் இதே வண்டிக்குள் இருந்து பீரங்கிக்குக் குண்டு நிரப்பியவராம். பீரங்கிக்கு வலப்பக்கத்தால் குண்டு போடவேண்டும், இருக்கையோ இடப்பக்கத்தில். உடம்பை முறுக்கிமுறுக்கிப் போட்டதாகவும் வெளியே ஒன்றுமே தெரியாது என்றும் சொன்னார். வண்டி ஏன் சுவரைப் பார்க்கிறது என்று கேட்டார்; எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்ற வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "விடுங்கள். நான் இதற்கு உள்ளே இருந்தவன். இவன் முன்னால் நின்றவன்."

முதலாளி உள்ளே போனார். வண்டி அப்படியே நின்றது, அடுத்த மாதம் வேலையும் நிரந்தரமானது.

கவச வண்டிக்குப் பயந்து ஓடிவந்தவன் கவச வண்டி விற்றுத்தான் மனைவியைக் கூப்பிட்டான் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீங்களாவது நம்புங்கள்.