சறுக்குக் கட்டைக்குத் தேசிக்காய்

எங்கள் குடும்பத்தில் எந்த வண்டி வாங்கினாலும் அது முதலில் தேசிக்காய் நசிக்க வேண்டும். எலுமிச்சங்காயைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம். சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டி முடித்ததும், வண்டி அதை நசித்துக்கொண்டு நகரும். அப்பாவின் வெள்ளை வேனுக்கு அப்படித்தான் நடந்தது. பெரியப்பாவின் காருக்கும் நடந்தது. எனக்கு ஒரு சின்னச் சைக்கிள் வாங்கித் தந்தபோதுகூட அம்மா இரண்டு தேசிக்காயோடு நாலு மாடி இறங்கி வந்தார். நான் தேசிக்காயில் ஏறி, சறுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். அதையும் நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் மாமா கொண்டுவந்த வண்டிக்குச் சக்கரமே இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே பாரிசுக்கு வந்து, லா சப்பலில் எங்கள் இரண்டறை வீட்டின் சோபாவில் படுத்து, பக்கத்துத் தெரு உணவகத்தில் சமையல் செய்துகொண்டிருந்தார். சோபாவில் படுத்தார் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவார். தப்பித்தவறி உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடத் தொடங்கும். மேசையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையும் சேர்ந்து ஆடும். லீவு நாளில் காரணமே இல்லாமல் ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையம் வரை நடந்து போய்த் திரும்புவார், வந்து சப்பாத்தைக் கழற்றாமல் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்ப்பார். "ஒரு இடத்தில இரடா தம்பி" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். அதற்கு அம்மாவிடம் இருந்த ஒரே மருந்து கல்யாணம். பொம்பிளைகளின் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். மாமா நடந்துகொண்டே பார்ப்பார்.

எனக்கு மாமாவை அப்படியே பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியும் இதே முறைப்பாடுதான். நான் கதிரையில் இருப்பதே இல்லை என்று ரீச்சர் எழுதி அனுப்பும் போதெல்லாம், உன் மாமாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று அம்மா தலையில் கை வைப்பார். எனக்கு அது பாராட்டாகவே கேட்கும்.

ஒரு குளிர்காலம் மாமா மலைப்பக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்குச் சமையல் வேலைக்குப் போய்வந்தார். திரும்பி வந்தவர் இன்னும் மோசமாக இருந்தார். வசந்தகாலத்தில் சிநேகிதனின் லொறியில் மறுபடியும் போய், அந்த ஹோட்டலில் செத்துக் கிடந்த பனி ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் இரண்டு நீளமான சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ஒரு ரப்பர் பட்டி, நடுவில் எலி கடித்த சீற். பனியில் மட்டும் ஓடும் அந்த வண்டியை, வருடத்தில் ஒரு காலை பனி பெய்தாலே ரெயில்கள் நின்றுபோகும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

காரணத்தை வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த பனிக்கு முன் இதை ஓடவைத்துக் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம் என்று ஹோட்டல்காரர் சொல்லியிருந்தார். மலை உச்சியில் அவர்களுக்கு ஒரு சிறிய விடுதி இருக்கிறது. சாமானும் காஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போய், அங்கேயே தங்கிச் சமைக்க வேண்டும். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கை தமிழ்ச் சனம் எண்டு ஆராவது இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றார் மாமா.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எனக்கும்தான். மாமா போய்விட்டால் என்னை யார் ஸ்டாலின்கிராட் வரை கூட்டிக்கொண்டு போவார்கள்?

பலசரக்குக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டை இறக்கும் முற்றத்தில், கடை முதலாளி ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். வேலை முடிந்த நேரமெல்லாம் மாமா அங்கேதான். தாடி வைத்த கனடாக்காரர்கள் பனி ஸ்கூட்டர் கழற்றும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். அவர்கள் பேசுவது பாதி விளங்காது, ஆனால் கையைப் பார்த்தால் போதும் என்பார். மொன்றியலில் இருந்த பெரியம்மாவின் மகன் புதுக் கார்புரேட்டரும், எஞ்சின் பெல்ற்றும், கைப்பிடியைச் சூடாக்கும் கம்பிகளும் வாங்கி அனுப்பினான். பெரியம்மா அவற்றை எங்களுக்கான குளிர் உடுப்புப் பார்சலுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அம்மா என் புது ஜக்கெற்றை உதறியபோது பெல்ற் காலில் விழுந்தது. பாம்பைக் கண்டதுபோல் துள்ளிவிட்டு, அதைத் துணியில் சுற்றி மாமாவின் சோபாவில் வைத்தார்.

வாங்க முடியாததை மாமா செய்தார். கடையின் பழைய ஐஸ்கிரீம் பெட்டியின் வளைந்த மூடியை அறுத்துக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஆக்கினார். உணவகத்தில் கோப்பை தள்ளும் தள்ளுவண்டி ஒன்று உடைந்தபோது, அதன் கம்பிகளை ஒட்டிச் சிலிண்டர் வைக்கும் தட்டுச் செய்தார். சீற்றுக்கு ஒரு பழைய மழைக்கோட்டை இழுத்துப் பொருத்தினார். அம்மா ஒரு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் மாலையில் எனக்குத் தலை இழுக்கும்போது, எந்த அக்கறையும் இல்லாதவர்போல, எஞ்சின் பிடித்ததா என்று கேட்பார். இல்லை என்றால் சீப்பு மெதுவாகப் போகும். நான் அந்த வண்டியை ஆசையோடு தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அது ஓடக்கூடாது என்றும் சாமியிடம் கேட்டேன். இரண்டையும் ஒன்றாகச் செய்வது எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

மரங்கள் இலை கொட்டும் காலத்தில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை முற்றத்தை நிறைத்தது. புறாக்கள் எழும்பிப் பறந்தன, மேல்மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்து பிரெஞ்சில் திட்டின. மாமா எண்ணெய்க் கையோடு நாலு மாடி ஓடி வந்து செய்தியைச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"பூசை செய்யாமல் இந்த வீட்டுப் பிள்ளை ஒரு வண்டியிலயும் ஏறாது. தேசிக்காய் நசிஞ்சால் போ. நசியாட்டி இஞ்சை இரு."

அப்பா தேத்தண்ணிக்குள் சிரித்தார். எனக்கும் விளங்கிவிட்டது. சறுக்குக் கட்டை நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கட்டாந்தரையில் அது தேசிக்காயில் ஏறாது, இழுபட்டுத் தள்ளிக்கொண்டுதான் போகும். அம்மா வண்டியைப் பார்க்காமலே அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டார். என் அம்மாவைப்போலக் கெட்டிக்காரி உலகத்திலேயே இல்லை என்று பெருமைப்பட்டேன்.

மாமா விடுவாரா? சறுக்குக் கட்டைக்குச் சக்கரம் பூட்டப் புறப்பட்டார். முதலில் நிலவறையில் கிடந்த என் பழைய தள்ளுவண்டியின் சக்கரங்களைக் கழற்றினார். குழந்தையாக இருந்தபோது என்னை அதில் வைத்து லா சப்பல் முழுக்கத் தள்ளித் திரிந்தவர் அவர்தான். அவற்றைப் பூட்டிப் பனி ஸ்கூட்டரை இறக்கியதும் நாலும் அப்பளம்போல் நொறுங்கின. அடுத்ததாகக் குளிர்சாதனப் பெட்டி நகர்த்தும் பலகையிலிருந்து தடித்த ரப்பர் சக்கரங்களை எடுத்து, இரும்புத் தகடு வெட்டி, கட்டைக்கு ஒன்றாக முறுக்கினார். அவை நின்றன. வண்டி செருப்புப் போட்ட மாடுபோல இருந்தது, ஆனால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரூ பஜோல் தெருக் கோயிலிலிருந்து ஐயர் வந்தார். வண்டியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, எது முன்பக்கம் என்று மாமாவிடம் ரகசியமாகக் கேட்டார். முன்விளக்குக்குத் திருநீறு பூசி, கைப்பிடியில் மாலை போட்டார். பனி இல்லாமல் ஓடினால் ரப்பர் பட்டியின் அடி சூடாகித் தேய்ந்துவிடும் என்று மாமா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி முற்றத்தை நனைத்திருந்தார். எல்லோரும் வெறுங்காலோடு அந்தக் குளிர் கல்லில் நின்றோம்.

இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஐயர் தேசிக்காய் வைத்தார். வலப்பக்கத்துக்கு அம்மா வைத்தார். நான் கிட்ட நின்றதால் கண்டேன்: சக்கரத்துக்கு நேராக இல்லை, நாலு விரல் வெளியே. அம்மா நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மாமா இனி எங்கேயும் போகமாட்டார் என்று எனக்கு வயிற்றுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மாமா ஏறி அமர்ந்தார். எஞ்சின் பிடித்தது. சூடாவதற்காகக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். இரண்டு கையும் கைப்பிடியில், கண் நேரே முன்னால். எங்கள் எல்லோரையும் மறந்துவிட்டவர்போல இருந்தார். அம்மா வண்டியையோ தேசிக்காயையோ பார்க்கவில்லை. மாமாவின் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. முழங்கால் ஆடவில்லை, அவ்வளவுதான்.

வண்டி நகர்ந்தது. இடப்பக்கத் தேசிக்காய் நசிந்தது. வலப்பக்கச் சக்கரம் தேசிக்காயை விட்டு விலகிப் போக வந்த நேரத்தில், அம்மாவின் கால் சேலைக்கு வெளியே நீண்டு, பெருவிரலால் அதை உள்ளே தள்ளியது. சக்கரம் ஏறியது. சாறு தெறித்துச் சேலைக் கரை நனைந்தது. ஐயர் கை தட்டினார், அப்பா மாமாவைக் கட்டிப் பிடித்தார். அம்மா காலால் தள்ளியதை என்னைத் தவிர வேறு ஒருவரும் காணவில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் வெளியே தள்ளப் போய், ஈரக் கல்லில் கால் வழுக்கி, அம்மா தவறி உள்ளே தள்ளிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இத்தனை கெட்டித்தனமும் கடைசி நேரத்தில் ஒரு காலால் வீணாய்ப் போயிற்றே என்று அம்மாவுக்காகவும் பாவமாக இருந்தது. வீட்டுப் படியில் ஏறும்போது அம்மா என்றும் இல்லாதபடி மாடிக்கு மாடி நின்று நின்று வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"பரவாயில்லை அம்மா. வழுக்கினபடியால்தானே."

அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை" என்றார். "வழுக்கிப் போச்சு."