இரண்டாம் தாளில் இருந்த மீன்கள்

காலை ஆறு இருபது. பஸ்ஸை விட்டிறங்கிக் குளத்துக் கரையேறியதும் முதலில் கண்ணில் பட்டது, கவிழ்த்துக் கொட்டியிருந்த ஒரு கூடை மீன். எல்லாம் விரல் நீளம். சில இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

அறுபதுகளின் தொடக்கம். கோவையில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தேன். ஆனைமலைப் பக்கத்துக் குளமொன்று நிரம்பியதை எழுதப் போயிருந்தேன்.

மீனருகே ஒரு பெண் வலையை இறுகப் பிடித்திருந்தாள். மறுமுனை குளத்துக் குத்தகைதாரரின் காவலாளி கையில். குத்தகைதாரர் வெளியூரிலிருந்து மீன்குஞ்சு வாங்கி விட்டிருந்தார். அதைப் பிடித்தால் வலை பறிமுதல் என்பது ஒப்பந்தம்.

“இது குஞ்சு இல்லீங்க, கெண்டைப்பொடி. இவ்வளவுதானுங்க வளரும்.” ஒன்றை எடுத்து வயிற்றைப் பிதுக்கினாள். மஞ்சளாகச் சினை வந்தது. “குஞ்சு எங்கயாச்சும் சினை புடிக்குமுங்களா?”

“மீனுக்குப் பேறு பாக்கறயா அம்மணி?” என்றான் காவலாளி. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தகராறைத் தீர்க்க வந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. “ஏனுங்க, நீங்க படிச்சவரு. என்ன மீனுன்னு போட்டிருக்குது?”

“கார்ப்னு இருக்குங்க.”

“அப்படின்னா?”

“கெண்டைங்க.”

“அவளே கெண்டைன்னுதான சொல்றா? அப்பறம் என்ன பேச்சு? வலைய உடு அம்மணி” என்றார் தலைவர்.

“இது போனா எங்கூட்ல உலை வெக்க முடியாதுங்க.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க சினையப் பாத்தீங்கல்லங்க?”

பார்த்திருந்தேன். திரும்பிப் போகும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. “காகிதத்துல இருக்கறதத்தானுங்க சொன்னேன்” என்றேன். அவள் கை வலையை விட்டது.

குளம் நிரம்பிய செய்தி ஆறு வரியில் வந்தது. வலையைப் பற்றி எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து, நூலகத்தில் மீன்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகமொன்றைப் பார்த்தேன். ‘கார்ப்’ என்ற பெயரின் கீழ் ஓர் ஆள் தூக்க முடியாத ஆற்று மீன் இருந்தது. விரல் நீளக் கெண்டைகள் இருந்தன. கண்ணாடித் தொட்டியில் விடுகிற சிவப்பு மீன்கூட அதன் உறவு என்று எழுதியிருந்தது. இத்தனையையும் அன்று ஒரே சொல்லில் சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாளே அந்த ஊருக்குப் போய்த் தலைவரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டு தாள். அன்று நான் முதல் தாளைத்தான் பார்த்திருந்தேன். இரண்டாவதில், குத்தகைதாரருக்கு உரிய மீன்கள் எவை என்று இருந்தது: கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் முழங்கை நீளத்தைத் தாண்டி வளர்கிற வடக்கத்தி மீன்கள். படித்துச் சொன்னேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார் தலைவர்.

வலை எங்கே என்று கேட்டேன். காவலாளி தன் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனான். வலை நீரில் அமிழ அதன் அடியில் கோத்திருந்த சுட்ட மண் குண்டுகள் முப்பத்தொன்று சாம்பலில் கிடந்தன.