இழுத்துக் கட்டிய மூன்று படகுகள்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் எந்த லாரிக்காரனை நிறுத்திக் கேட்டாலும் நான் கயிறு கட்டும் கட்டைப் பற்றிச் சொல்லுவான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்காசிப் பக்கமிருந்து வந்து, மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் முதுகில் சுமந்து, லாரியில் பாரம் கட்டி, பிறகு அதே தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கச் சொந்தக் கடை போட்டவன். நான் கட்டிய பாரம் ஆலுவா தாண்டி, வாளையாறு தாண்டி, ஈரோடு வரைக்கும் போயிருக்கிறது. ஒரு மூட்டை சரிந்ததில்லை. என் முடிச்சு இறுகிவிட்டால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

என் மனைவியின் தம்பி, கடலோடு சேர்ந்த காயல் ஓரத்தில் ஒரு படகுத்துறைக்குக் காவல். வெளிநாட்டுக்காரர்கள் பாய் விரித்து ஓட்டிக்கொண்டு வரும் யாட்டுகள் மூன்று அங்கே கிடந்தன. மழைக்கு முன்னால் அவர்கள் விமானமேறிப் போய்விடுவார்கள். மழை ஓயும் வரை படகு அவன் பொறுப்பு. பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் பார்த்திருக்கிறான். அந்த வேலையை நம்பித்தான் மகளை நர்சிங் படிக்க வைத்திருந்தான்.

அன்று காலை மகளை வைட்டிலாவில் பஸ் ஏற்றிவிடப் போனான். "அத்தான், மதியம் வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு கண்ணு வச்சுக்கோங்க. வேற ஒண்ணும் செய்யண்டா," என்றான்.

போய்ப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்து, படகுகள் துறையின் கல்மேடை உயரத்துக்கு ஏறி நின்றன. கயிறுகளோ தொய்ந்து தொங்கின. இது என்ன, துணி காயப்போடும் கொடியா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மேற்கே மானம் கறுத்திருந்தது. மூன்று படகின் கயிற்றையும் லாரிப் பாரத்தை இழுப்பதுபோல் காலை ஊன்றி இழுத்து, கல்மேடையில் நட்டிருந்த இரும்புக் குற்றிகளில் என் முடிச்சைப் போட்டேன். மச்சினனுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் ஒரு சாயாவும் குடித்தேன்.

அவன் திரும்பி வந்தபோது தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றும் தொடங்கிவிட்டது. கயிறுகள் விறைத்து முனகின. பார்த்தவன் ஒரு கயிற்றைக் கையால் அமுக்கிப் பார்த்தான்.

"யாரு கட்டுனது?"

"நான்தான். ஏன், பிடிக்கலையா மாப்ளே?"

"தண்ணி இறங்குமே அத்தான். இளக்கம் விடாம கட்டினா படகு தூக்குல தொங்காதா?"

மூட்டை, வைத்த இடத்தில் இருக்கும். படகு, கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீரோடு ஏறும், இறங்கும். அந்தக் காயலுக்குப் பக்கத்திலேயே நாற்பது வருஷம் நடந்தவனுக்கு இது தோன்றவில்லை. முடிச்சை அவிழ்க்க இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்தோம். நனைந்து இறுகிய என் முடிச்சு எனக்கே அவிழவில்லை. ஒரு பெருங்காற்று வந்தது. முதல் படகில் கயிறு மாட்டியிருந்த இரும்பு, மேல்தட்டுப் பலகையோடு பிய்ந்துகொண்டு போனது. விடுபட்ட அந்தப் படகு அடுத்த படகில் இடித்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசிப் படகின் கயிற்றை மச்சினன் கையால் பிடித்தான். உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு அதுவும் போனது.

மூன்றும் காற்றோடு குறுக்கே போய் எதிர்க்கரைத் தீவின் கருங்கல் சுவரில் மோதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றுக்குப் பாய்மரம் முறிந்தது. ஒன்று ஓட்டை விழுந்து சாய்ந்தது.

துறையை நடத்தும் சேட்டன் ஓடி வந்தார். "ஆரா கெட்டியது?"

"நான்தான் சேட்டா," என்றான் மச்சினன், கையைத் துண்டில் சுற்றிக்கொண்டே.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவனிடம் சொன்னபோதும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பிராட்வே மொத்தச் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போனேன். மொத்தக் கடைக்காரர் சிரித்தார். "உங்க மச்சினனுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியலையே அண்ணாச்சி. நீங்க கட்டியிருந்தா போயிருக்குமா?"

சரக்கெடுக்காமல் நேரே துறைக்குப் போனேன். சேட்டனிடம் சொன்னேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து வைத்தார். என் முடிச்சு, அப்படியே இருந்தது.

"குற்றியிலேருந்து அறுத்துத்தான் எடுத்தோம். இது ஆரோட முடிச்சுன்னு எனக்கு அறியாதா?"

"பின்னே அவனை ஏன் நிறுத்துனீங்க?"

"நான் கட்டினேன்னு அவன் வாயாலே சொன்னான். அப்படிக் கட்டினவனைக் காவலுக்கு வைக்க முடியுமா? இல்லைன்னு சொல்ல வேண்டிய ஆளு இப்பத்தானே வர்றீங்க. எழுதித் தாங்க. படகோட உடமஸ்தர்களுக்கு அனுப்பணும்."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். கடைப் பையனிடம் எழுதச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. 'கயிற்றை இழுத்துக் கட்டியது நான். என் மச்சினன் இல்லை' என்று எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. சேட்டன் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கடிதம் போன பிறகு மச்சினனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது அதே துறையில்தான் காவல். அன்று கயிறு உரித்த இடது கை முழுசாக மடங்காது. அதனால் மழைக்கு முன் படகு கட்டும் நாளில் என்னைக் கூப்பிடுவான். கயிற்றின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்வேன். எவ்வளவு விடவேண்டும் என்று அவன் சொல்லுவான்.

"இன்னும் விடுங்க அத்தான்."

விடுவேன். தண்ணீர் நிறைந்த நேரத்தில் அந்தத் தொய்வைப் பார்க்க இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பேன்.