யோசப்பின் டீச்சர் வைத்த சிவப்புப் புள்ளிகள்

யோசப்பின் டீச்சரை ஏமாற்றக்கூடிய ஆள் மகாவலிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான் என்று டீச்சரே ஒப்புக்கொள்வார். ஒரே ஒரு தடவை, கட்டுகஸ்தோட்டையில் ஒரு மீன்காரன் பாரை என்று சொல்லி வேறெதையோ வெட்டிக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரமே அவன் வெட்கத்தில் கடையை மூடிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான் என்பார். அதுவும் கூட்டிச் சொன்னதுதான். போன வெள்ளிக்கிழமையும் டீச்சர் அவனிடம்தான் மீன் வாங்கினார்.

முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். பரீட்சை மண்டபத்தில் வெற்றுத் தாள்களைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றின் பின்னாலும் சிவப்புப் பேனாவால் கடுகளவு புள்ளி வைப்பார். வீட்டில் எழுதிய தாளை எவனாவது நடுவில் செருகினால், புள்ளியில்லாமல் மாட்டிக்கொள்வான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பால்மா டின்னைக்கூட மாவை மட்டமாகத் தட்டி, கரண்டிக் காம்பால் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் மூடுவார். கணவர் ஜொனியை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. பொய் சொல்வதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அந்த மனிதருக்குக் கிடையாது என்பது டீச்சரின் முடிவு.

அம்பிட்டிய வீட்டு வாசலில் நின்றது அவருடைய அப்பாவின் ஹில்மன் கார். அப்பா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் காரின் குரோம் பட்டிகளை முகம் தெரியும்வரை தேய்ப்பார். அதில் பார்த்துத்தான் சின்ன யோசப்பின் ரிபன் கட்டிக்கொள்வாள். இருபது வருடத்துக்கு முன், "மழையில துரு புடிக்குது ஜோசி" என்று சொல்லி ஜொனி எல்லாக் குரோமுக்கும் சில்வர் பெயின்ற் அடித்துவிட்டார். இந்த மாசியில் இடது விளக்கு வளையத்தில் காசளவுக்குப் பெயின்ற் உரிந்தது. உள்ளே அப்பாவின் பளபளப்பு அப்படியே இருந்தது. அதைக் கண்ட நாளிலிருந்து டீச்சருக்குத் தூக்கம் இல்லை. அப்பா தேய்த்த அதே குரோம் வேண்டும், ஒரு துண்டு குறையாமல்.

பயமும் அங்கேதான். பழைய காரின் அசல் சாமானுக்கு ஆசைப்படாத பட்டறைக்காரன் உண்டா? பெயின்ற் எடுக்கிறேன் என்று வாங்கி, அசலை அமுக்கிக்கொண்டு போலியைக் கையில் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

திகனயில் பட்டறை வைத்திருக்கும் வீரையா வந்தார். முன்பு தேயிலைப் பெக்டரியில் மெஷின் பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். "பேசாதவன் எதையோ மறைக்கிறான்" என்றார் டீச்சர் ஜொனியின் காதில். வீரையா சிரித்தபோது, சிரிக்கிறவன் அதைவிட மோசம் என்றார்.

கார் வீட்டைவிட்டுப் போகக்கூடாது, பட்டிகளை இங்கேயே கழற்ற வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். விளக்கு வளையங்களோடு சேர்த்துப் பதினொரு துண்டுகள் பழைய பேப்பரில் வரிசையாகப் படுத்தன. வீரையா கை கழுவப் பின்புறம் போன நேரம் பார்த்து, மகள் துஷானியின் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு புள்ளி வைத்தார்.

"என்னாம்மா இது, காருக்கு மருதாணியா?"

"வாய மூடுடி. ஆள் வர்றான்."

துண்டுகளை வீரையா கொண்டுபோன ஆறாம் நாள், டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் புறப்பட்டார். முழங்கால் வலிக்கிறது என்றார் ஜொனி. "அதையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அவரையும் பஸ்ஸில் ஏற்றினார்.

பட்டறையில் வீரையா ஒரு பட்டியை வாங்குப் பலகையில் வைத்து, ஈயத்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துருப் புள்ளிகளை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தகடு வைத்துச் சுரண்டினால் குரோமில் கீறல் விழும். அதனால் முதலில் பெயின்ற் உரிக்கும் மருந்தைப் பூசி, பொலித்தீனில் சுற்றி வைத்து, பெயின்ற் பால் ஆடைபோலச் சுருங்கிய பிறகு துணியால் வழித்தெடுத்திருந்தார். பத்துத் துண்டுகள் கண்ணைப் பறித்தன. பதினோராவது ஓரமாக, மங்கலாகக் கிடந்தது.

டீச்சர் பளபளப்பைப் பார்க்கவில்லை. முதல் துண்டைத் திருப்பினார். புள்ளி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், அதிலும் இல்லை.

"எங்கய்யா என் சாமான்?"

"இதுதாங்க டீச்சரம்மா."

"யார்கிட்ட கதை விடுறீங்க? பதினொன்னுக்கும் நான் அடையாளம் வச்சேன். ஒன்னுலயும் இல்ல. அதோ கெடக்கே, அது குரோமே இல்ல. எங்கப்பா சாமான யாருக்கு வித்தீங்க? பொலிசுக்குப் போவேன்!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜொனி வெளியே போய், அங்கே சாத்தியிருந்த ஒரு பழைய டயரை மிகவும் அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

வீரையா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "எந்தச் சாமான் வந்தாலும் முன்னுக்கும் பின்னுக்கும் போட்டோ புடிச்சிட்டுத்தாங்க மருந்து பூசுவேன். இல்லாட்டி மாத்திட்டேன்னு வந்து நிப்பாங்க. ஒங்களத்தான் சொல்றேன்னு நெனைக்காதீங்க."

படத்தில் பதினொரு துண்டுகளும் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

"பெயின்றயே உரிக்கிற மருந்துங்க. நகப்பூச்சு அதுக்கு முன்னால நிக்குமா?"

டீச்சர் படத்தை விரலால் பெரிதாக்கினார். கடைசிப் பட்டியில், அவர் வைத்த புள்ளிக்குப் பக்கத்திலேயே இரண்டு வட்டமான மேடுகள். அன்றைக்கு அழுக்கு என்று நினைத்தார். இன்றைக்கு மங்கல் பட்டியில் அதே இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

"ஆணி ஓட்டைங்க. சுவத்துக்குப் பூசுற மாவு வச்சு அடைச்சு, மேல பெயின்ற் அடிச்சிருக்காங்க. படிக்கட்டு ஓரத்துக்குப் போடுற அலுமினியம் இது. யாரோ அளவா வெட்டியிருக்காங்க, நல்ல கை வேலதான்."

அம்பிட்டிய வீட்டில் மாடிப்படி கிடையாது. ஆனால் இருபது வருடத்துக்கு முன், ஜொனியின் தம்பி கிறகரி வீட்டில் மாடி கட்டினார்கள். வேலைக்கு உதவப் போனவர் ஜொனி. கொண்டுபோனது இந்தக் கார். டீச்சருக்குக் கணக்கு எப்போதும் வேகமாக வரும்.

"இந்தாங்க! அந்த டயர வச்சிட்டு உள்ள வாங்க."

ஜொனி வந்தார். "கிறகரி வீட்டு கேற்றுல ஒரசிருச்சு ஜோசி. பட்டி பிஞ்சு பள்ளத்துல போயிருச்சு. எறங்கித் தேடினேன், கெடைக்கல. ஒங்கப்பா சாமான்... சொல்லப் பயமா இருந்துச்சு."

"அந்த ஒரு துண்ட மறைக்க எல்லாத்துக்கும் பெயின்ற் அடிச்சீங்களா?"

"ஒன்னுக்கு மட்டும் அடிச்சா நீ சந்தேகப்படுவியே."

டீச்சர் நீளமான பட்டியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். சின்ன வயதில் பார்த்து ரிபன் கட்டிக்கொண்ட பட்டி. அதில் இப்போது ஒரு நரைத்த தலை தெரிந்தது, கண் மட்டும் அதே கண். பட்டியைக் கீழே வைத்துவிட்டு வீரையா பக்கம் திரும்பினார்.

"பெரிய வார்த்தை சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பத்துத் துண்டும் அசலா வந்திருச்சு, அது போதும். இந்தாளு என்னைய ஏமாத்தினது என் ஆயுசுக்கும் இந்த ஒன்னுதான்."

வீரையா தயங்கினார். பிறகு வலது விளக்கு வளையத்தை எடுத்துத் துணியால் ஒருமுறை துடைத்து, அவர் கையில் வைத்தார்.

"ரெண்டுங்க டீச்சரம்மா. இது ஹில்மன் இல்ல, மொரிஸ் காரு வளையம்."